சால்மோராவின் மண் – ஒரு கடிதம்

ஐயா வணக்கம்,

அஸ்ஸாமின் மாஜுலித் தீவில் சால்மோரா ஊர்க் குயவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சக்கரமே இல்லாமல் பெண்கள் கையால் தட்டிப் பானை செய்வது கண்முன் நின்றது. ஆனால் மனம் ஆறவில்லை. வருஷா வருஷம் வெள்ளம், வீடு வாசல் பிரம்மபுத்திராவோடு போகிறது என்கிறீர்கள். அப்புறமும் ஏன் அந்தக் கரையிலேயே கிடக்கிறார்கள்? அரசாங்கம் எங்காவது மேட்டில் மனை கொடுத்துக் குடியேற்றினால் என்ன? பிள்ளைகளாவது பிழைக்குமே.

வ.

அன்புள்ள வ.,

நீங்கள் கேட்டதற்கு அந்தக் கட்டுரையிலேயே பதில் இருந்திருக்க வேண்டும். பெண்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மண்ணைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன்.

அங்கே எல்லா மண்ணும் பானைக்கு ஆகாது. மேலே கிடப்பது வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணலும் வண்டலும். அதைத் தாண்டி ஆழமாக இறங்கினால்தான் பசையுள்ள களிமண் கிடைக்கும். ‘குமார் மாட்டி’ என்பார்கள், குயவர் மண். ஆற்றங்கரையில் குழி வெட்டி ஆண்கள் எடுத்துத் தருகிறார்கள். நான் பார்த்த அம்மாள் ஒரு பிடி மண்ணைக் கிள்ளி, கட்டைவிரலால் நசுக்கி, மயிரிழை போன்ற ஒரு வேரை உருவிப் போட்டார். அந்த வேர் தங்கிவிட்டால் சூளையில் பானை அந்த இடத்தில் விரிசல் விட்டுவிடுமாம். பிறகுதான் தட்டும் மரக்கட்டையைக் கையில் எடுத்தார். பானைக்குள் ஒரு கை முட்டுக்கொடுக்க, வெளியே தட்டு விழ விழச் சுவர் மெலிந்துகொண்டே வந்தது.

சூளைக்கு விறகும் ஆறுதான் தருகிறது. மழைக்காலத்தில் மலைகளிலிருந்து அடித்துவரும் மரங்களைப் படகில் போய் மடக்கி இழுத்து வருகிறார்கள். சுட்ட பானைகளைப் படகிலேற்றி, கரையோர ஊர்களில் நெல்லுக்கு மாற்றிக்கொண்டு வருவதும் வழக்கம். அந்தப் படகுகளைக் கட்டுவதும் இதே ஊர்க்காரர்கள்தான். மேட்டில் மனை கொடுக்கலாம். இந்த மண்ணையும் விறகையும் படகுத்துறையையும் அங்கே யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

ஆபத்தைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. நூறாண்டுக்கு முன் 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்படும் மாஜுலி இன்று அதில் பாதிகூட இல்லை. 1950 ஆகஸ்ட் 15 அன்று வந்த 8.6 அளவு நிலநடுக்கத்தில் மேலே மலைகள் சரிந்து, ஆற்றுப்படுகை மண்ணால் மேடேறிவிட்டது. அதன்பின் ஆறு பக்கவாட்டில் கரையைத் தின்பது அதிகமாயிற்று. வெள்ளம் வந்தால் வடிந்துவிடும், வயலில் வண்டலையும் விட்டுப்போகும். அரிப்பு அப்படி இல்லை. போன நிலம் போனதுதான். பட்டா கையில் இருக்கும், நிலம் தண்ணீருக்கடியில் இருக்கும். 2016இல் மாஜுலி தனி மாவட்டமானபோதும் ஆறு அரிப்பதை நிறுத்தவில்லை.

கரையைக் காக்க மணல்மூட்டைகளும், ‘முள்ளம்பன்றி’ என்று பெயர் வைத்த கான்கிரீட் சட்டங்களும் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அதே காரணத்தைச் சொல்லிக் கரையில் மண் வெட்டக்கூடாது என்றும் தடுக்கிறார்கள். தோண்டினால் கரை இளகும் என்று பொறியாளர்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆனால் மண்ணை மறித்துவிட்டுக் குயவரைக் காப்பாற்றினோம் என்றால் என்ன அர்த்தம்? அரிப்புக்கு எட்டாத இடத்தில் குமார் மாட்டி எங்கே கிடைக்கும் என்று பார்த்து, அதை அவர்கள் பெயருக்கு ஒதுக்கிவிட்டுத் தடை போடட்டும். வேறிடத்தில் குடியேற்றுவதானாலும் மண் இருக்கும் இடமாகப் பார்த்துக் குடியேற்றட்டும். வீட்டுக்கு மட்டும் இழப்பீடு கணக்கிட்டு, தொழிலைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது அநியாயம்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிழைப்பைத் தேடி ஊரைவிட்டுப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? இருக்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நிலம் போனபின் கரைமேட்டில், அங்கே ‘மதாவுரி’ என்பார்கள், குடிசை போட்டிருந்த ஒரு குடும்பத்தின் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நல்ல மழை. அடுப்படியில் கூரை ஒழுகி, ஏனத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. தார்ப்பாய் ஏதும் இல்லையா என்று கேட்டேன். இருந்தது ஒன்றுதான். அதை வாசலில் குவித்திருந்த களிமண்ணின் மேல் போர்த்தி, நாலு பக்கமும் கட்டை வைத்து அழுத்தியிருந்தார்கள்.

அன்புடன்