கார் ஏசி வேலை கற்க வீடியோ போதுமா, பயிற்சிக்குப் போக வேண்டுமா?

"வீடியோ பார்த்தே கார் ஏசி வேலையைக் கற்றுக்கொள்ளலாமா, காசு கட்டிப் பயிற்சிக்குப் போகணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக ஏதோ ஒரு பட்டறையில் ஹெல்பராக இருக்கிறீர்கள், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதைத் தாண்டி எதையும் தொட விடுவதில்லை என்று நினைக்கிறேன். பயிற்சிக்குப் போங்கள். ஆனால் அழுத்தம் காட்டும் கேஜ் உங்கள் கையில் இருக்கும் பயிற்சியாகப் பார்த்துப் போங்கள்.

வீடியோவை நான் குறை சொல்லவில்லை. கம்ப்ரசர், கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, எவாப்பரேட்டர் என்று குளிரூட்டும் கேஸ் சுற்றி வரும் வரிசை அதில் நன்றாகவே புரியும். வீடியோ மட்டும் பார்த்துத் தேறியவர்களும் இருக்கலாம், அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பழுதைக் கண்டுபிடிப்பது வேறு வேலை, அதைத்தான் சொல்கிறேன்.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கிளப்பியதும் நன்றாகக் குளிரும், கொஞ்ச நேரத்தில் சாதாரணக் காற்றுதான் வரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கேஜை மாட்டினோம். கம்ப்ரசருக்குள் கேஸ் போகும் லோ சைடிலும் அழுத்தம் குறைவு, அது அழுத்தி வெளியே தள்ளும் ஹை சைடிலும் குறைவு. "கேஸ் கம்மி, ஏற்றிவிடலாம்" என்றார்கள் கூட இருந்தவர்கள். "காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கை வைக்கணும்" என்றார் பயிற்றுநர்.

எனக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. ஏசியை நிறுத்தி ஆறவிட்டு, மறுபடி போட்டு, கேஜ் பக்கத்திலேயே நின்றேன். லோ சைடு முள் முதலில் 30 பிஎஸ்ஐ பக்கம் ஒழுங்காக நின்றது. அப்புறம் மெல்ல மெல்ல இறங்கி, பூஜ்யத்தையும் தாண்டி வேக்கம் பக்கம் போனது. வால்வின் மேல் வெள்ளையாகப் பனி. திரும்ப ஆறவிட்டால் திரும்பவும் 30. கேஸ் மட்டும் குறைவு என்றால் முள் எடுத்த எடுப்பிலேயே தாழ்வாக இருக்கும், இப்படிப் போய்ப் போய் வராது. "உள்ளே ஈரம் இருக்கிறது, வால்வு துளையில் ஐஸ் கட்டி அடைக்கிறது" என்று எழுதிக் கொடுத்தேன். கேஸை உறிஞ்சிப் பிடிக்கும் மெஷினில் எடுத்து எடை பார்த்தால், பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் போட்டிருந்த அளவு அநேகமாக அப்படியே இருந்தது! ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, பம்ப்பால் உள்ளே இருப்பதை இழுத்தெடுத்து நன்றாக வேக்கம் போட்டு, எடை போட்டு கேஸ் ஏற்றியதும் சரியானது. அந்த முள் இறங்கியதை நின்று பார்த்தது இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது.

வேக்கம் போடுவதையும் அங்கேதான் ஒழுங்காகக் கற்றேன். அழுத்தம் நன்றாகக் குறைந்தால் அறைச் சூட்டிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும், அதற்குத்தான் பம்ப்பை அவ்வளவு நேரம் ஓட்டுவது. பம்ப்பை நிறுத்திய பிறகு முள் விடாமல் ஏறினால் லீக். கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் ஈரம் இன்னும் போகவில்லை. அலுமினியக் குழாயைக் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் போடாவிட்டால் குழாயே முறுக்கிக்கொள்ளும். இணைப்பு கசியாமல் இருக்கப் போடும் ரப்பர் வளையமான ஓ-ரிங் புதிதாக மாற்றினால் ஆயில் தடவித்தான் போட வேண்டும். டிரையருக்கு முன்னும் பின்னும் குழாயைத் தொட்டு, சூடு சட்டென்று மாறுகிறதென்றால் அடைப்பு அங்கேதான். இந்தச் சூடு, இந்த இறுக்கமெல்லாம் வீடியோவில் வராது.

இன்னொரு மனக்குறை, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அரை நாள் லீக் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னால், "ஒரு ஓ-ரிங்தானே, இதுக்கா இவ்வளவு?" என்கிறார்கள். கேஸ் ஏற்றினால் கேட்காமல் காசு தருகிறார்கள், கண்டுபிடித்ததற்குத் தர மாட்டேன் என்கிறார்கள். பல பட்டறைகளில் லீக்கைப் பார்க்காமலே டாப்-அப் செய்து அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்த கோடையில் அதே வண்டி திரும்ப வரும். கசிந்த ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் சும்மா போவதில்லை, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும் கேஸ் அது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காசு கட்டும் முன் அங்கே ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். ஒரு வண்டியைச் சுற்றி இருபது பேர் நின்று எட்டிப் பார்க்கிறார்கள் என்றால் அதுவும் வீடியோ மாதிரிதான். வேண்டுமென்றே பழுது வைத்த வண்டி இருக்கிறதா, கேஸைக் காற்றில் திறந்து விடுகிறார்களா, மெஷினில் பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். திறந்து விடும் இடத்தில் சேராதீர்கள். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் வேலை செய்யச் சொன்னாலும் சேராதீர்கள். திரவமாகத் தெறித்தால் ஆர்-134ஏ கண்ணை உறைய வைத்துவிடும், வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கிற சமாச்சாரம் அது.

மின்சார வண்டி, ஹைப்ரிட் வண்டியும் சொல்லித் தருகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அதில் கம்ப்ரசரே உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது, ஆரஞ்சு கேபிளைத் தொடும் முன் மின்சாரத்தைத் துண்டிக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். ஆயிலும் வேறு. மின்சாரம் கடத்தாத பிஓஇ ஆயில் இருக்கும் பெரும்பாலான வண்டிகளில் வழக்கமான பிஏஜி ஆயில் கலந்தால் மின்காப்பு கெட்டுப்போகும். இதை வேலையில் விழுந்தபிறகு கற்றுக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.