சயாம் மரண ரயில்: கேள்வி பதில்

ஜப்பானியருக்கு இந்த ரயில்பாதை எதற்கு? (ஈப்போ வாசகர்)

இரண்டாம் உலகப் போரில், 1942ல், பர்மாவைப் பிடித்துவிட்டார்கள். அங்குள்ள படைக்குச் சாமான்கள் மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில்தான் போக வேண்டும். கடலில் நேசநாட்டு நீர்மூழ்கிகள். அதனால் சயாமின் (இன்றைய தாய்லாந்து) பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர், மலையும் காடும் குடைந்து பாதை போட்டார்கள். 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளும் இணைந்தன.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில் வரும் மரப்பாலம் இன்னும் இருக்கிறதா?

அந்தப் படம் எடுக்கப்பட்டது இலங்கையின் கித்துல்கலவில். இந்தப் பாதையில், தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் இன்று நிற்பது இரும்புப் பாலம். படத்தை வைத்து இந்த வரலாற்றைப் பேசாதீர்கள். அதில் நம் ஆட்கள், தமிழ்த் தொழிலாளர்கள், இல்லை.

மலாயாவின் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் எப்படிப் போனார்கள்? (சுங்கை சிப்புட்)

ஜப்பானியர் வந்ததும் ரப்பர் வாங்க ஆளில்லை. பால்வெட்டு நின்றது, அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக்கிழங்கே சோறானது. அப்போதுதான் "நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்), மூன்றே மாதம்" என்று ஆள் கட்டினார்கள். பசித்தவர்கள் போனார்கள். போனவர்கள் திரும்பாத செய்தி பரவியதும் யாரும் வரவில்லை. பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசப் படம் என்று கூட்டி, கதவை அடைத்து, லாரியில் ஏற்றிய கதையைப் பல குடும்பங்கள் சொல்லும். சரக்கு வண்டியில் நாள்கணக்கில் பயணம், இறங்கியபின் காட்டுக்குள் நடை.

சம்பளத்துக்குப் போனவர்களை அடிமைகள் என்பது மிகை இல்லையா?

இல்லை. மூன்று மாதம் முடிந்தும் திரும்ப விடாத இடத்தில், ஓடினால் அடிக்கும் இடத்தில், சம்பளம் என்ற பேச்சுக்குப் பொருள் கிடையாது.

(அதே வாசகர்) போர்க்கைதிகளும்தானே செத்தார்கள்?

செத்தார்கள். ஜப்பானியரிடம் பிடிபட்டுப் பாதையில் வேலை செய்த நேசநாட்டு வீரர்கள் சுமார் 60,000 பேரில் 12,000க்கு மேல். ஆனால் தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது மதிப்பீடு. வேலை ஒன்றுதான், காடும் ஒன்றுதான். கைதிகளிடம் அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள், கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கழிவுக்குழி தோண்டு என்று சொல்ல ஆளிருந்தது. நம் ஆட்களின் முகாம்களில் அப்படி யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். நோயாளியைக் கவனிக்க வேண்டியவர்களும் பயந்து ஓடினார்கள். "கைதிகளும்தானே" என்று சமன் செய்ய வேண்டாம்.

நேதாஜி ஏன் தடுக்கவில்லை?

அவர் சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலையில். அதற்கு முன்பே ஆள் ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. மற்றதைத் தனியாகப் பேசுவோம்.

படத்தில் பாலத்தை வெடிவைத்துத் தகர்க்கிறார்களே, உண்மையா?

மறுபடியும் படமா? பாலம் சேதமானது 1945ல், விமானக் குண்டுவீச்சில்.

என் தாத்தா போய்த் திரும்பவில்லை. காஞ்சனாபுரிக் கல்லறையில் அவர் பெயர் இருக்குமா? (கிள்ளான்)

இருக்காதம்மா. அங்கே ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகளுடையவை. நம்மவர்களைக் குழியில் மொத்தமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். பெயர் எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: எந்தத் தோட்டம், யார் கங்காணி, யாரோடு லாரி ஏறினார். எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அதே தோட்டத்திலிருந்து போன வேறு இரண்டு குடும்பங்கள் என் குறிப்பில் இருக்கலாம்.