பையன் ஏன் கேள்வி கேக்கல?

கேள்வி: 18 வருஷமா எலக்ட்ரிக்கல் லைன்ல இருக்கேன், இப்ப சூப்பர்வைசர். ஐடிஇ-ல (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) வேலை பாத்துக்கிட்டே படிக்குற வொர்க்-ஸ்டடி பசங்க ரெண்டு பேரை என்கிட்ட விட்டு "நீங்கதான் மென்டர்"னு கம்பெனியில சொல்லிட்டாங்க. ரெண்டும் வாயே திறக்குறதில்ல, எப்பவும் ஃபோன். "இதுகூடத் தெரியாம ஐடிஇ-ல என்னடா படிச்ச"ன்னு ஒருத்தன்கிட்ட கேட்டேன், அதுலேர்ந்து இன்னும் மோசம். பயிற்சிப் பட்டியல்ல மாசக் கடைசியில மொத்தமா கையெழுத்து போட்டுக் கொடுத்துடறேன். நாங்கல்லாம் திட்டு வாங்கித்தான் கத்துக்கிட்டோம், அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? நல்ல மென்டருக்கு அப்படி என்னதான் தனியா வேணும்?
- யீஷூன் வாசகர்

பதில்: ஐயா, பையன் ஏன் வாய் திறக்கலங்கறதுக்கு பதில் உங்க கடிதத்துலயே இருக்கு. நீங்க அப்படிக் கேட்ட அன்னைக்கே அவன் ஒண்ணு கத்துக்கிட்டான், தெரியலன்னாலும் தெரிஞ்ச மாதிரி நின்னுக்கணும்னு. உங்க வேலையில 230 வோல்ட் ஓடுது, த்ரீ ஃபேஸ்னா 400, அங்க தெரியலன்னு சொல்லப் பயப்படுற பையன் நிக்குறது அவனுக்கும் ஆபத்து உங்களுக்கும் ஆபத்து. "அண்ணே, புரியல"ன்னு மூணாவது தடவையும் பயமில்லாம சொல்ல முடியுற ஆளா நீங்க இருக்கணும், அதுதான் முதல் தகுதி. அன்னைக்குக் கேட்டது தப்புன்னு அவன்கிட்ட நேரா சொல்லிடுங்க.

அடுத்தது, உங்க கை செய்யறதை வாய் சொல்லணும். டிபி-யை (கரண்டைப் பிரிச்சுவிடுற பெட்டி) திறக்குறீங்க, பிரேக்கரை இறக்கி லாக் போட்டு டேக் மாட்டுறீங்க, டெஸ்டரை முதல்ல கரண்ட் இருக்குற இடத்துல வச்சுப் பாத்து, அப்புறம் வேலை செய்யப்போற இடத்துல வச்சு, திரும்பவும் கரண்ட் இருக்குற இடத்துல வச்சுப் பாக்குறீங்க. பக்கத்துல நிக்குற 19 வயசுப் பையனுக்கு மூணு தடவ வச்சது தெரியும், ஏன் மூணுன்னு தெரியாது, நாளைக்குத் தனியா விட்டா ஒரு தடவையோட நிறுத்திக்குவான், டெஸ்டரே கெட்டுப்போயிருந்தா லைவ் லைன்கூட செத்த மாதிரிதான் காட்டும்னு அவனுக்கு யாரும் சொல்லலையே. அதைச் சொல்லுங்க, சொல்லிட்டு அவனைச் செய்யவிடுங்க, செய்யும்போதே ஏன் செய்யறேன்னு அவன் வாயால சொல்லட்டும். மெதுவாத்தான் செய்வான், கை பரபரக்கும் உங்களுக்கு, பிடுங்கிச் செய்யாதீங்க. ஆபத்துன்னா மட்டும் உடனே நிறுத்துங்க.

ஃபோன் சின்ன விஷயம். டிபி பக்கத்துல யாரும் ஃபோனை எடுக்கக்கூடாது, நீங்களும்தான்.

திட்டு வாங்கித்தான் கத்துக்கிட்டோம்கறீங்க, அதே திட்டு தாங்காம லைனையே விட்டுட்டுப் போனவங்க எத்தனை பேருன்னும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, அவங்கள்ல நல்ல கை உள்ளவங்களும் இருந்திருப்பாங்க.

எல்லாத்தையும் உங்க தலையில கட்டவும் மாட்டேன். வேலை தெரிஞ்சவருக்கு சொல்லிக்கொடுக்கவும் தெரியும்னு கம்பெனிங்க தானா முடிவு பண்ணிடுதுங்க, அது பெரிய தப்பு. ஜெர்மனியில தொழில் பழகுறவங்களுக்குக் கத்துக்கொடுக்குற தகுதிக்குன்னே 1972-லேயே விதி போட்டு பரீட்சை வச்சாங்க, 2003-ல அதை நிறுத்திப் பாத்து, சரிப்படலன்னு 2009-ல திரும்பக் கொண்டுவந்துட்டாங்க. நம்ம சிங்கப்பூர்லயும் நன்யாங் பாலிடெக்னிக்ல 2018-லேர்ந்து நேஸ்னு ஒரு நிலையம் இருக்கு, வேலை இடத்துல எப்படிச் சொல்லிக்கொடுக்கறதுன்னு கம்பெனிகளுக்கு வழிகாட்டறதுதான் அவங்க வேலையே. வொர்க்-ஸ்டடி டிப்ளமாவுல பயிற்சியோட பெரும்பகுதி உங்க இடத்துலதான் நடக்குது, அதனால உங்க பாஸ்கிட்ட போய் என்னை அந்தப் பயிற்சிக்கு அனுப்புங்க, பசங்களோட நிக்குறதுக்கு ஜாப் ஷீட்ல நேரம் ஒதுக்குங்கன்னு கேளுங்க. நேரமே தராம மென்டர்னு பேர் மட்டும் குடுத்தா அது உங்களுக்கும் அநியாயம், பசங்களுக்கும் அநியாயம்.

கையெழுத்து விஷயத்துல மட்டும் கண்டிப்பா சொல்றேன், மாசக் கடைசி மொத்தக் கையெழுத்து இன்னையோட போதும். அவன் செஞ்சு நீங்க கண்ணால பாத்த வேலைக்கு மட்டும் போடுங்க, பாக்காத வரியைக் காலியா விட்டுட்டு, ஏன் காலியா இருக்குன்னு மேனேஜர் கேட்டா இன்னும் சொல்லிக்கொடுக்க நேரம் கிடைக்கலன்னு உள்ளதைச் சொல்லுங்க.