நாளை வரை காத்திருக்கலாமா? கர்ப்பகாலக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு 34 வாரம். பரிசோதனைக்குப் போனபோது பி.பி. 150/96 இருந்தது. வீட்டில் டிஜிட்டல் கருவியில் பார்த்தால் 128/80 காட்டுகிறது. மருத்துவமனைப் பதற்றம் என்று விட்டுவிடலாமா? லேசான தலைவலி மட்டும் இருக்கிறது.

பதில்: விட்டுவிடாதீர்கள். தலைவலியும் சேர்ந்திருப்பதால் இன்றே போய்க் காட்டுங்கள். 20 வாரத்துக்குப் பிறகு, குறைந்தது 4 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்தும் மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90-ஐ எட்டினால் அது கர்ப்பகால ரத்த அழுத்தம். மேலே 160 அல்லது கீழே 110 வந்துவிட்டால் 4 மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. 15 நிமிடத்தில் மறுபடி எடுத்து, இறங்கவில்லை என்றால் உடனே மருந்து தொடங்க வேண்டும். தாய்க்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் அந்த அளவில் மிக அதிகம்.

வீட்டு அளவை எப்படி எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, பட்டை கட்டிய கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு மேலே இருக்கும் கையில் எடுத்தால், கை இதயத்தைவிட உயரத்தில் இருப்பதால் அளவு குறைத்துக் காட்டும். பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் கூட்டிக் காட்டும். கருவியிலும் ஒரு சிக்கல் உண்டு. பொதுப் பயன்பாட்டுக்கு விற்கப்படும் டிஜிட்டல் கருவிகளில் எல்லாமே கர்ப்பிணிகளிடம் சோதிக்கப்பட்டவை அல்ல. ப்ரீஎக்ளாம்ப்சியா (கர்ப்பத்தில் பி.பி. ஏறி, சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்புகளையும் பாதிக்கும் நோய்) இருக்கும்போது அவற்றில் சில, உண்மையான அளவைவிடக் குறைத்தே காட்டுகின்றன. ஆகவே வீட்டில் நல்ல அளவு வந்தது என்பதற்காக மருத்துவமனை அளவைத் தள்ளிவிட முடியாது.

சிறுநீரில் புரதம், ரத்தத்தில் தட்டணுக்கள், கல்லீரல் என்சைம், கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். கண்முன் மின்னுவது, பார்வை மங்குவது, முகமும் கையும் திடீரென வீங்குவது, வலது விலா ஓரம் மேல்வயிற்றில் வலிப்பது ஆகியவை எந்த நேரத்தில் வந்தாலும் கிளம்பிவிடுங்கள். அந்த மேல்வயிற்று வலியை வாயு என்று நினைத்து ஒரு ராத்திரியைக் கடத்திவிடுகிறவர்கள் பலர். கல்லீரல் வீங்கி அதன் உறை இழுபடுவதால் வரும் வலி அது. வாயு மாத்திரைக்கு அடங்காது.

லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா மூன்றும் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடியவை. எனாலாப்ரில், டெல்மிசார்டான் வகை மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் கூடாது. மாத்திரை அழுத்தத்தை இறக்குமே தவிர நோயை நிறுத்தாது. நோய் அடங்கத் தொடங்குவது பிரசவத்துக்குப் பிறகுதான். அப்போதும் ஒரே நாளில் அடங்காது. பிரசவமான 3 முதல் 6 நாளுக்குள் பி.பி. மறுபடி உச்சம் தொடுவது வழக்கம். வீட்டுக்கு அனுப்பும்போது அடுத்த பரிசோதனை எந்த நாள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரசவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். மெக்னீசியம் சல்பேட் போடும் ஒவ்வொரு முறையும் மூச்சு நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அந்தப் பயம் உங்களைக் கவனமாக வைத்திருக்கட்டும், மருந்தைத் தள்ளிப்போட மட்டும் வைத்துவிட வேண்டாம். ப்ரீஎக்ளாம்ப்சியா உள்ள பெண்களுக்கு இது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்பது 2002-இல் வெளியான மேக்பை ஆய்வில் உறுதியானது.

முதலில் ஆம்பியூலின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். தவறு நடப்பது பெரும்பாலும் அளவைக் கணக்கிடும்போதுதான். 50 சதவீதக் கரைசலில் 1 மி.லி.யில் அரை கிராம் இருக்கும். முதல் டோஸ் 4 கிராம் என்றால் 8 மி.லி.; அதோடு 12 மி.லி. நார்மல் சலைன் சேர்த்து 20 மி.லி. ஆக்கினால் 20 சதவீதக் கரைசல். அதை நரம்பில் (ரத்த நாளத்தில்) 5 முதல் 20 நிமிடத்தில் மெதுவாகச் செலுத்த வேண்டும். 50 சதவீதக் கரைசலை அப்படியே நரம்பில் ஏற்றக் கூடாது. ஏற்றும்போது உடம்பெல்லாம் சூடு பரவுவதுபோல் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் பெண் பதற மாட்டார். தசை ஊசி முறை என்றால், இதைத் தொடர்ந்து இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் ஆழமாகப் போட்டு, பிறகு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம். நரம்பு வழி என்றால் மணிக்கு 1 கிராம். கடைசி வலிப்பு, பிரசவம் இரண்டில் எது பின்னால் வந்ததோ அதிலிருந்து 24 மணி நேரம் தொடர வேண்டும். முதல் டோஸுக்குப் பிறகு 15 நிமிடம் கழித்து மறுபடி வலிப்பு வந்தால், 2 கிராம் நரம்பில் 5 நிமிடத்தில்.

அடுத்த டோஸுக்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும். முழங்கால் ரிஃப்ளெக்ஸ் (தட்டினால் கால் தானாக உதறுவது) இருக்க வேண்டும், மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது, கடந்த 4 மணி நேரச் சிறுநீர் மணிக்குச் சராசரி 30 மி.லி.யாவது இருக்க வேண்டும். இந்த மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீர் வராவிட்டால் போட்ட டோஸெல்லாம் உள்ளேயே சேரும். மருந்து கூடினால் முதலில் போவது ரிஃப்ளெக்ஸ், பிறகுதான் மூச்சு. முழங்காலுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கிப் பிடித்து, கால் தளர்வாகத் தொங்கும்போது தட்டிப் பாருங்கள். பதற்றத்தில் காலை விறைப்பாக வைத்திருந்தால் இருக்கும் ரிஃப்ளெக்ஸும் தெரியாது. ரிஃப்ளெக்ஸ் போயிருந்தால் அடுத்த டோஸை நிறுத்திவைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சு குறைந்தால் உதவிக்கு ஆள் கூப்பிட்டு, ஆம்பு பையால் (கையால் அழுத்திக் காற்று செலுத்தும் பை) மூச்சு கொடுத்துக்கொண்டே 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. நரம்பில் மெதுவாக. அந்த ஆம்பியூல் மருந்தறையில் அல்ல, அந்தப் படுக்கையின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்று: மெக்னீசியம் பி.பி.க்கான மருந்து அல்ல. 170/112 இருக்கும் பெண்ணுக்கு அதைக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. அழுத்தத்துக்குத் தனி மருந்து வேண்டும்.

கேள்வி: 20 வார ஸ்கேனில் நஞ்சு (நஞ்சுக்கொடி, பிளாசென்டா) கீழே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். சிசேரியன்தானா? முழுக்கப் படுத்தே இருக்க வேண்டுமா?

பதில்: இரண்டுமே இப்போதைக்கு இல்லை. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி வளர வளர, பெரும்பாலானவர்களுக்கு நஞ்சு வாயைவிட்டு மேலே விலகிவிடும். 32 வாரத்தில் ஒரு ஸ்கேன், அப்போதும் கீழேயே இருந்தால் 36 வாரத்தில் இன்னொன்று. நஞ்சின் ஓரம் கர்ப்பப்பை வாயிலிருந்து 20 மி.மீ. தள்ளி இருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். படுக்கை ஓய்வால் நஞ்சு நகராது. வலியே இல்லாமல் சிவப்பாக உதிரம் போனால் நின்றுவிட்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள், நஞ்சு கீழே இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நஞ்சின் இடம் உறுதியாகும் வரை பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பரிசோதிக்கக் கூடாது என்பதற்காகத்தான். முன்பு சிசேரியன் ஆனவர் என்றால், நஞ்சு பழைய தழும்புக்குள் ஊடுருவியிருக்கிறதா என்றும் ஸ்கேனில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவ மேசையில் தெரியவருவதைவிட முன்பே தெரிந்தால் ரத்தமும் ஆட்களும் தயாராக இருப்பார்கள்.

கேள்வி: 36 வாரம். நேற்று மாலையிலிருந்து அசைவு குறைவு. கடைசி மாதத்தில் இடம் போதாமல் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.

பதில்: இதைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள். கடைசி மாதத்தில் அசைவின் தன்மை மாறும். உதை குறைந்து உருளலும் நெளிவும் கூடும். எண்ணிக்கை குறையாது. இனிப்பாக ஏதாவது குடித்துப் பார்ப்பது, குளிர்ந்த நீர் குடிப்பது எல்லாம் நேரத்தைத்தான் தின்னும். நஞ்சு வழியாக வரும் ஆக்சிஜன் குறையும்போது, இதயத்துக்கும் மூளைக்கும் மிச்சம் பிடிக்கக் குழந்தை அசைவைக் குறைத்துக்கொள்ளும். வீட்டு டாப்ளரில் துடிப்பு கேட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். துடிப்பு இருப்பது வேறு, குழந்தை நலமாக இருப்பது வேறு. சில சமயம் அதில் கேட்பது உங்கள் நாடியாகவே இருக்கும். மருத்துவமனையில் சி.டி.ஜி. (குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் கருவி) போட்டு, தேவைப்பட்டால் பனிக்குட நீரும் வளர்ச்சியும் ஸ்கேனில் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்து திரும்பி வந்து, மறுபடியும் குறைந்தால் மறுபடியும் போங்கள். இரண்டாவது முறை என்று கூச்சப்படவே வேண்டாம்.

கேள்வி: 33 வாரம். இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்க முடியாமல் அரிக்கிறது. தடிப்பு எதுவும் இல்லை.

பதில்: தோல் களிம்பு வாங்குவதற்கு முன் பித்த அமிலமும் கல்லீரல் பரிசோதனையும் செய்யுங்கள். கர்ப்பகாலப் பித்தத் தேக்கம் இப்படித்தான் தொடங்கும். தோலில் இருப்பது நீங்கள் சொறிந்த கோடு மட்டுமே. பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு 35, 36 வாரத்தில் பிரசவம் பற்றிப் பேசுவார்கள். 40-க்குக் கீழே இருந்து வேறு சிக்கலும் இல்லை என்றால் அவ்வளவு அவசரம் இல்லை. முதல் முடிவு சாதாரணமாக வந்து அரிப்பு தொடர்ந்தால், ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பப் பாருங்கள். அரிப்பு முந்திக்கொண்டு, ரத்தத்தில் பிறகு தெரிவதும் உண்டு. அர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை குழந்தையின் அபாயத்தைக் குறைப்பதாக 2019-இல் வந்த பெரிய ஆய்வில் தெரியவில்லை. மாத்திரை சாப்பிடுகிறோமே என்று அடுத்த ரத்தப் பரிசோதனையை விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: முதல் பிரசவத்தில் நிறைய உதிரம் போய் ரத்தம் ஏற்றினார்கள். இந்த முறை என்ன கேட்க வேண்டும்?

பதில்: பிரசவ வலி தொடங்கும் முன்பே ஆரம்பியுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் குறைந்தால் இரும்புச்சத்தை இப்போதே ஏற்றிக்கொள்ள வேண்டும். மாத்திரையைக் கால்சியம் மாத்திரையோடும் தேநீரோடும் சேர்க்காமல் 2 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். ரத்தம் ஏற்றும் வசதி உள்ள இடத்திலேயே பிரசவம் நடக்கட்டும்.

குழந்தை பிறந்த உடனே கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் கொடுப்பது அடிப்படை. அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. வெளியே மேசையில் கிடந்தால் வீரியம் போய்விடும், பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. அடுத்தது, போகும் உதிரத்தை அளப்பது. துணியிலும் விரிப்பிலும் ஊறியதைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அதனால் இடுப்புக்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பையை விரிக்கிறார்கள். 500 மி.லி. தொட்டதும் கர்ப்பப்பையைத் தேய்ப்பது, ஆக்ஸிடோசின், உதிரப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், நரம்பில் திரவம், கிழிசலும் நஞ்சுத் துண்டும் இருக்கிறதா என்ற பரிசோதனை எல்லாம் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். ஒன்று பலிக்கிறதா என்று பார்த்து அடுத்ததற்குப் போவதில்தான் உயிர் போகிறது. 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான இ-மோடிவ் ஆய்வில், இப்படி அளந்து, ஒருசேரச் செய்ததால் கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. டிரானெக்ஸாமிக் அமிலத்துக்குப் பிரசவமாகி 3 மணி நேரம்தான் கெடு. சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கர்ப்பப்பை சுருங்காது, அதையும் காலி செய்ய வேண்டும்.

பி.பி. நன்றாக இருக்கிறதே என்ற பேச்சை நம்ப வேண்டாம். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடியிருப்பதால், நிறைய இழந்த பிறகுதான் அது இறங்கும். நாடி முன்பே ஏறிவிடும். நாடியை மேல் பி.பி.யால் வகுத்து 0.9-ஐத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது; நாடி 110, மேல் அளவு 100 என்றால் ஏற்கெனவே தாண்டியாயிற்று. உடன் இருப்பவருக்கு இந்த ஒரு கணக்கைச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: நான் ஓ நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ். 11 வாரத்தில் கரு கலைந்து சுத்தம் செய்தார்கள். ஆன்டி-டி ஊசி போடவில்லை. 2 நாள் ஆகிறது.

பதில்: இன்றே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், 72 மணி நேரத்துக்குள். தாண்டிவிட்டாலும் 10 நாள் வரை போட்டுக்கொள்வதில் ஓரளவு பலன் உண்டு. அடுத்த கர்ப்பத்தில் மறைமுகக் கூம்ப்ஸ் பரிசோதனை (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பது) நெகட்டிவாக இருந்தால் 28 வாரத்தில் ஒரு ஆன்டி-டி ஊசி, குழந்தை பாசிட்டிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்கள் (ஆன்டிபாடி) உங்கள் உடலில் ஏற்கெனவே உருவாகியிருந்தால் இந்த ஊசியால் பயன் இல்லை. அதனால்தான் இந்த 72 மணி நேரக் கணக்கு.

கேள்வி: பனிக்குடம் உடைந்ததா, சிறுநீரா என்று எப்படித் தெரியும்?

பதில்: சுத்தமான நாப்கின் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படுத்து எழுந்து பாருங்கள். எழுந்ததும் கொட்டினால், சிறுநீர் வாசனை இல்லாவிட்டால், பனிக்குட நீர் என்றே எடுத்துக்கொண்டு போங்கள். நிறத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பச்சை என்றால் குழந்தை உள்ளே மலம் கழித்திருக்கிறது. 37 வாரம் முடியாதவர், குழந்தையின் தலை கீழே இறங்காதவர், உதிரம் கலந்து போகிறவர் இந்த அரை மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். நீரோடு தொப்புள்கொடி வழுக்கி வெளியே வந்ததுபோல் இருந்தால் அதை உள்ளே தள்ளவோ கையால் பிடிக்கவோ கூடாது. கைபட்டால் அது சுருங்கி ரத்த ஓட்டம் குறையும். ஆம்புலன்ஸ் வரும் வரை முழங்காலையும் மார்பையும் தரையில் ஊன்றி, இடுப்பை உயர்த்திக் குப்புற இருங்கள். வண்டியில் இடது பக்கம் ஒருக்களித்து, இடுப்புக்கடியில் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் தலை கொடியை அழுத்தாமல் இருக்க அந்த உயரம் வேண்டும்.