அவசரப் பிரிவில் பின்னால் வந்தவரை முதலில் அழைத்தது ஏன்?

நெஞ்செரிச்சலோடு வந்த அப்பாவை ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள், கேட்டதற்குச் செவிலியர் எரிந்து விழுந்தார் என்று எழுதியிருந்தீர்கள். எரிந்து விழுந்தது தவறுதான். ஆனால் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆபத்தைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். வந்த நேரத்தைப் பார்ப்பதில்லை.

அதனால் "எப்போது கூப்பிடுவீர்கள்?" என்று கேட்காமல், "வந்தபோது இல்லாத வியர்வை இப்போது கொட்டுகிறது" என்று மாற்றத்தைச் சொல்லுங்கள். என் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்றதும், அதுவரை நிமிர்ந்தே பார்க்காத செவிலியர் விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு ஓடினார்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா? அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியில்லாமலும் வரும். நெஞ்சில் தொந்தரவு என்றால் 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள்.