மாதம் ஒரு சளி: குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி குறைவா?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. பிளே ஸ்கூலில் சேர்த்ததிலிருந்து மாதம் தவறாமல் சளி, காய்ச்சல். ஒரு வாரத்தில் சரியாகிவிடுகிறது, எடையும் ஒழுங்காக ஏறுகிறது. ஆனால் அடுத்த மாதம் மறுபடியும் ஆரம்பம். எதிர்ப்பு சக்தி குறைவா? டானிக் ஏதாவது கொடுக்கலாமா? மூக்குச்சளி பச்சையாகிவிட்டால் ஆன்டிபயாடிக் தேவையா?

பதில்: ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிறது, எடையும் ஏறுகிறது என்கிறீர்கள். எதிர்ப்பு சக்தி தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அதுவே நல்ல அறிகுறி. இந்த வயதில் வருடத்துக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சாதாரணம். பிற குழந்தைகளோடு புழங்க ஆரம்பித்த புதிதில் இன்னும் கூடுதலாகவே வரும். சளியை உண்டாக்கும் ரைனோவைரஸில் மட்டும் 150-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. போன மாதம் வந்த வகையை வென்றதால் இந்த மாதம் வரும் வகையிடமிருந்து பெரிதாகப் பாதுகாப்பு கிடைத்துவிடாது.

மூக்கின் உள்சவ்வில் வைரஸ் நுழைந்ததும், தாக்கப்பட்ட செல் இன்டர்ஃபெரான் என்ற பொருளை வெளியிட்டு அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்படுத்துகிறது. அவையும் வைரஸ் பெருக இடம் கொடுக்காதபடி தங்களை மாற்றிக்கொள்கின்றன. கூடவே ரத்தக் குழாய்கள் விரிந்து, திரவம் கசிந்து, வெள்ளை அணுக்கள் அங்கே வந்து குவிகின்றன. மூக்கடைப்பும் ஒழுகலும் அதனால்தான். வெள்ளை அணுக்கள் வெளியிடும் ரசாயனங்கள் மூளையின் ஹைப்போதலாமஸை எட்டும்போது, உடல் வெப்பத்தின் அளவை அது உயர்த்தி வைக்கிறது. நாம் நோய் என்று சொல்லிப் படுக்கிறோமே, அதில் பெரும்பகுதி நம் உடம்பு செய்கிற வேலைதான்!

பச்சை நிறமும் அப்படித்தான். நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களுக்குள் பச்சை நிற நொதி ஒன்று இருக்கிறது. அவை சளியில் நிறையச் சேர்ந்தால் நிறம் மாறும். வைரஸ் சளியிலும் இது சகஜம். அதனால் நிறத்தைப் பார்த்து ஆன்டிபயாடிக் ஆரம்பிக்காதீர்கள், வைரஸை அது ஒன்றும் செய்யாது. பத்து நாள் தாண்டியும் சளி குறையவே இல்லை, அல்லது தேறி வந்த குழந்தைக்குத் திடீரென்று மறுபடி காய்ச்சல் என்றால் பாக்டீரியா சேர்ந்திருக்கலாம். அப்போது டாக்டரிடம் காட்டுங்கள்.

இதெல்லாம் முதல் கட்டம். குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு தாக்குகிற டி செல்களும், கிருமியைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தயாரிக்கும் பி செல்களும் தேவையான அளவு பெருக, முதல் முறை ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அப்புறம் அவற்றில் சில நினைவு செல்களாகத் தங்கிவிடுகின்றன. அதே கிருமி திரும்ப வந்தால் சீக்கிரமே பதிலடி கிடைக்கும். இந்த நினைவை நோய் வராமலே உண்டாக்குவதுதான் தடுப்பூசி. தட்டம்மைத் தடுப்பூசியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப் போடாதீர்கள். தட்டம்மை வைரஸ், உடம்பு ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் நினைவு செல்களையே அழிக்கக்கூடியது.

டானிக்? நன்றாகச் சாப்பிட்டு வளரும் குழந்தைக்குத் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொண்டே போவது நல்லதும் அல்ல. அது தேவையில்லாத இடத்தில் சீறினால் அலர்ஜி. இன்சுலின் சுரக்கும் நம் செல்களையே எதிரியாக நினைத்துத் தாக்கினால் முதல் வகை சர்க்கரை நோய். இரும்புச்சத்துக் குறைவு போல உண்மையான குறை பரிசோதனையில் தெரிந்தால், அதற்கு மருந்து கொடுப்பது வேறு விஷயம்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, திரும்பத் திரும்ப ஆழமான சீழ்க்கட்டிகள், ஒரு வயதுக்கு மேலும் வாயில் விடாத வெண்படலம், மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தும் குறையாத தொற்று, எடை ஏறாமை, குடும்பத்தில் பிறவி எதிர்ப்பு சக்திக் குறைபாடு. இதில் ஏதாவது இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். வெள்ளை அணுக்களின் வகைவாரி எண்ணிக்கை, ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் (அதாவது ஆன்டிபாடி) அளவு ஆகிய இரண்டு பரிசோதனைகளிலிருந்துதான் பெரும்பாலும் அவர் தொடங்குவார்.