கேட்டதும் சொன்னதும்: டவர் இல்லாத ரோட்டில் போனை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: மகள் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில் இருக்கிறாள். ஜூலையில் நானும் மனைவியும் போகிறோம். அங்கிருந்து எல்லோருமாகக் காரிலேயே உளுரு பாறை வரை போய்வரத் திட்டம். 'வழியில டவரே கிடைக்காது மாமா' என்கிறார் மாப்பிள்ளை. என் போன் மூன்று வருடப் பழசு, மதியத்துக்கு மேல் சார்ஜ் நிற்பதில்லை. என்னென்ன வாங்கிப் போகலாம்?
- ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி

பதில்: வாங்குவது இருக்கட்டும் சார், முதலில் அந்த போனுக்கு ஊரிலேயே நல்ல கடையாகப் பார்த்துப் புது பேட்டரி போடுங்கள். மதியமே படுத்துவிடும் போனுக்கு எத்தனை பவர் பேங்க் வாங்கினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

மாப்பிள்ளை சொல்வது உண்மை. அடிலெய்டிலிருந்து உளுருவுக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல். போர்ட் அகஸ்டா தாண்டி ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ஏறியதும் அடுத்த சொல்லிக்கொள்ளும்படியான ஊர் கூபர் பீடி, அதுவே 540 கிலோமீட்டர், அதாவது சென்னையிலிருந்து கிளம்பினால் மதுரையைத் தாண்டிப் போய்விடும் தூரம். நடுவில் ஊர், ரோட்ஹவுஸ் (பெட்ரோல் பங்க்கும் சாப்பாட்டுக் கடையும் சேர்ந்த இடம்) பக்கம் சிக்னல் தலைகாட்டும், மற்றபடி செம்மண்ணும் வானமும்தான். அங்குள்ள பெரிய செல்போன் கம்பெனியான டெல்ஸ்ட்ரா மக்கள்தொகையில் 99 சதவீதத்துக்கு மேல் எங்கள் சேவை உண்டு என்கிறது, அது பொய்யில்லை, ஆனால் அங்கே மக்கள் கடலோரத்தில் குவிந்திருக்கிறார்கள், நிலப்பரப்பை வைத்துப் பார்த்தால் பாதிகூடத் தேறாது. அப்படியும் உள்நாட்டில் மற்ற இரண்டு பெரிய கம்பெனிகளைவிட அதன் டவர்தான் அதிகம். ஆகவே சிம் வாங்கும்போது எவ்வளவு ஜிபி என்று கேட்பதற்கு முன்னால் எந்த டவரில் ஓடுகிறது என்று கேளுங்கள். ஆன்லைனில் விற்கும் சுற்றுலா இ-சிம்களில் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) பல இதை எங்கோ மூலையில்தான் போட்டிருக்கும். கடையில் ப்ரீபெய்டு சிம் வாங்கினால் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

இன்னொரு சிக்கல், பலருக்குத் தெரியாதது. 2024 அக்டோபர் கடைசியில் அங்கே 3ஜி முழுக்க மூடப்பட்டுவிட்டது. 4ஜி வழியாக அவசர அழைப்பு செய்ய முடியாத போன்களை நெட்வொர்க்கே தடுத்துவிட வேண்டும் என்று விதி. இங்கே வோல்டியில், அதாவது 4ஜி வழியாக, நன்றாகப் பேசும் போன் அங்கேயும் பேசும் என்று நிச்சயமில்லை. மாடல் நம்பரை மாப்பிள்ளைக்கு அனுப்பி, சிம் கம்பெனியில் இப்போதே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

டவர் இல்லையென்றால் வழி தெரியாது என்று பயப்பட வேண்டாம். ஜிபிஎஸ்ஸுக்கு டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம், அது நேராக சாட்டிலைட்டிலிருந்து வருகிறது. நெட் வேண்டியது மேப் படத்துக்குத்தான். மகள் வீட்டு வைஃபையில் கூகுள் மேப்பைத் திறந்து, அடிலெய்டு தொடங்கி உளுரு வரை துண்டுதுண்டாக ஆஃப்லைனில் இறக்கிவிடுங்கள். பிறகு வண்டி கிளம்பியதும் போனை ஃப்ளைட் மோடில் போட்டாலும் நீலப் புள்ளி நகரும். சொல்லப்போனால் அப்படிப் போடுவதுதான் நல்லது, டவர் இல்லாத இடத்தில் போன் ஓயாமல் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். ஒரு போன் மட்டும் சிக்னல் பார்க்க விழித்திருக்கட்டும்.

இனி சார்ஜ். நான் இதே ரோட்டில் போனது டிசம்பரில். வாடகைக் காரின் முன்பக்க யுஎஸ்பி துளையில் போனைச் செருகி, மேப்பை ஓடவிட்டு, திரையில் மின்னல் குறி தெரிகிறதே என்று நிம்மதியாக இருந்தேன். கிளம்பும்போது 80, மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் 52! அந்த மாதிரி பழைய துளைகள் பாட்டு கேட்க வைத்தவை, அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட்தான் தரும். முழு வெளிச்சத்தில் மேப் ஓடும் போன் அதைவிட அதிகம் செலவு செய்கிறது, வரவு எட்டணா செலவு பத்தணா. பக்கத்திலேயே சிகரெட் லைட்டர் சாக்கெட் இருக்கும், அதில் செருகுகிற 30 வாட் யுஎஸ்பி-சி கார் சார்ஜர் ஒன்றும் நல்ல கேபிள் இரண்டும் வாங்கிக்கொள்ளுங்கள், பிரச்சினை முடிந்தது. பவர் பேங்க் காரில் வேண்டாம், நடக்கப் போகும்போதுதான் வேண்டும். பல கார்களில் இன்ஜினை நிறுத்தினால் அந்த சாக்கெட்டும் நின்றுவிடும், சாப்பிட இறங்கும்போது சார்ஜ் ஏறும் என்று நம்பாதீர்கள்.

அதே பயணத்தில் இன்னொன்றும் பட்டேன். போனை முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தேன், வெயிலில் தோசைக்கல்லாகச் சுட்டு, சார்ஜ் ஏறுவதையே நிறுத்திவிட்டது. ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டும் ஸ்டாண்டுக்கு மாற்றினேன், கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. ஜூலை அங்கே குளிர்காலம், உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் உளுருவில் சூரிய உதயம் பார்க்கப் போகும்போது நேர்மாறாகக் குளிரில் பேட்டரி சடசடவென இறங்கும். போனை ஸ்வெட்டருக்கு உள்ளே வைத்திருங்கள். ஓட்டுகிறவர் மட்டும் போனைக் கையில் எடுக்கவே கூடாது, அதைப் பிடிப்பதற்கென்றே அங்கே கேமரா வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நம் சார்ஜர் ஆஸ்திரேலியாவில் வேலை செய்யுமா? பவர் பேங்க்கை விமானத்தில் விடுவார்களா?
- வாசகி, மதுரை

பதில்: கரண்ட் இங்கே மாதிரியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், சார்ஜர் வேலை செய்யும். பின்தான் வேறு, சாய்ந்த பட்டை முள்கள். ஆளுக்கொரு அடாப்டர் வாங்காதீர்கள். ஒரே ஒரு அடாப்டர், அதில் நம்மூர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், குடும்பத்துக்கே போதும். போன், கேமராவோடு நிறுத்துங்கள், அதில் ரைஸ் குக்கரையும் செருகிவிட வேண்டாம் அம்மா.

பவர் பேங்க் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் வைத்தால் பெட்டியையே நிறுத்திவிடுவார்கள். 100 வாட்-அவர் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற கணக்கு) வரை பொதுவாகத் தடையில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-அவர், தாராளமாகப் போகலாம், ஆனால் அந்த எழுத்து மேலே படிக்கும்படி இருக்க வேண்டும், அழிந்துபோயிருந்தால் வம்பு. கொண்டுபோகலாம் என்பதற்காக விமானத்துக்குள் பயன்படுத்தலாம் என்று அர்த்தமில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும் எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபரிலிருந்தும் அதைத் தடை செய்துவிட்டன.

கேள்வி: வெளிநாட்டு சிம் போட்டால் வங்கி ஓடிபி, வாட்ஸ்அப் எல்லாம் என்ன ஆகும்?
- வாசகர், தாம்பரம்

பதில்: நம்மூர் சிம்மைக் கழற்றவே கழற்றாதீர்கள். கிளம்பும் முன்பே இன்டர்நேஷனல் ரோமிங்கை இங்கிருந்தே ஆன் செய்து, ரீசார்ஜ் தேதி நடுவில் முடியாதபடி பார்த்துக்கொண்டு, அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். டேட்டாவுக்கு அந்த ஊர் இ-சிம். ஓடிபி குறுஞ்செய்தி பழைய நம்பருக்கே வரும். ஆனால் அந்த நம்பருக்கு வரும் அழைப்பை எடுத்தால் மீட்டர் ஓடும், கடன் வேண்டுமா என்று கேட்கிறவருக்கு ரோமிங் காசில் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்! வாட்ஸ்அப் 'நம்பரை மாற்றவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பழைய நம்பரிலேயே ஓடும். டவர் இல்லாத இடத்தில் ஓடிபியும் வராது, அதனால் அறை புக் செய்வது, பணம் கட்டுவது எல்லாவற்றையும் ஊருக்குள் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

கேள்வி: நடுக்காட்டில் வண்டி நின்றுவிட்டால்? சாட்டிலைட் போன் வாங்கிவிடலாமா?
- வாசகர், கோவை

பதில்: ஆஸ்திரேலியாவில் அவசரத்துக்கு 000, செல்போனிலிருந்து 112-ம் வேலை செய்யும். உங்கள் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் இருந்தால் அதில் போய்ச் சேரும், எந்த டவருமே இல்லையென்றால் இரண்டுமே போகாது. ஐபோன் 14-லும் அதற்குப் பிறகு வந்த ஐபோன்களிலும் சாட்டிலைட் வழியாக உதவி கேட்கும் வசதி அங்கே 2023-லிருந்து இருக்கிறது. இல்லாதவர்களுக்கு பிஎல்பி என்று உள்ளங்கை அளவு கருவி ஒன்று வாடகைக்குக் கிடைக்கிறது. அதில் பேச முடியாது, பட்டனை அமுக்கினால் நீங்கள் இருக்கும் இடம் மீட்புப் படைக்குப் போகும், அவ்வளவுதான். சாட்டிலைட் போனை விலைக்கு வாங்கி ஊருக்குக் கொண்டுவரும் ஆசை மட்டும் வேண்டாம். அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருந்தால் குற்றம், கார்மின் இன்ரீச் மாதிரி சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளே நம் விமான நிலையங்களில் மாட்டியிருக்கிறார்கள். எதுவானாலும் அங்கேயே வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.